கோரை மண்டிய காய்கறி நிலம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பொதுத் தோட்டம் ஒன்றில் பங்கு நிலம் எடுத்த இருவர், முதல் பருவத்தைக் களைக்குப் பறிகொடுத்து, அடுத்த பருவத்தில் நிலத்தின் பெரும்பகுதியை மீட்ட விவரம் இது. புதிதாக நிலம் எடுப்பவர்களுக்கு யோசனை சொல்லும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இதை அருகிலிருந்து பார்த்தேன். அவர்களுடைய சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் பதிவு செய்கிறேன்.

பின்னணி

நிலம் ஏறத்தாழ 100 சதுர மீட்டர். முன்பு வைத்திருந்தவர் விட்டுச் சென்ற பிறகு இரண்டு ஆண்டுகள் தரிசாகக் கிடந்தது. அதை எடுத்தவர்கள் ஒரே வீட்டைச் சேர்ந்த மாமனாரும் மருமகளும். மாமனார் இளமையில் வயல் வேலை பார்த்தவர். உழவும் பாத்தி கட்டுவதும் அவருக்குக் கைவந்தவை. மருமகளுக்கு இது முதல் தோட்டம். எதையும் தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. கீழே வரும் விவரங்களில் பலவும் அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை.

முழங்கால் அளவு வளர்ந்திருந்த புதரை முதலில் அறுத்து அகற்றினார்கள். பிறகு வாடகைக்குப் பவர் டில்லர் எடுத்து, ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை உழுதார்கள். மழை பெய்து மண் ஈரமாக இருந்த நேரம் அது. அரைகுறையாக மட்கிய மாட்டெருவை நிலம் முழுவதும் பரப்பினார்கள். தக்காளி, கத்தரி நாற்றுகளை நட்டார்கள், வெண்டையை ஊன்றினார்கள், ஒரு பக்கம் வெங்காய விதையைத் தூவினார்கள். பயிர் இருக்கும் இடம், இல்லாத இடம் என்று பார்க்காமல் குழாய் பிடித்து நிலம் முழுவதும் நனையத் தண்ணீர் விட்டார்கள்.

உழுத மண் பொலபொலவென்று இருந்தது. நாற்றுகள் நன்றாக வேர் பிடித்தன. பத்தாவது நாளில் நிலமெங்கும் பச்சை ஊசிகள் கிளம்பின.

உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. இருவரும் தினமும் காலையில் ஒரு மணி நேரத்துக்குமேல் குனிந்து களை பிடுங்கினார்கள். கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்குக் கோடிக்கு வந்து சேர்வதற்குள் கிழக்கில் மறுபடி முளைத்துவிடும். இன்னொரு முறை டில்லர் ஓட்டிவிட்டு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கலாம் என்று மாமனார் முடிவெடுக்கும் நிலைக்கு வந்திருந்தார். அந்தக் கட்டத்தில்தான் என்னை அழைத்தார்கள்.

நிலத்தில் கண்டவை

நடவு முடிந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. முதலில் களைகளை இனம் பிரித்துப் பார்த்தோம். இருவரும் எல்லாவற்றையும் பொதுவாகப் புல் என்றே சொல்லி வந்தார்கள். களைக் கட்டுப்பாட்டில் பாதி வேலை இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. வளரும் முறை தெரியாமல் எந்தக் களையையும் வெல்ல முடியாது.

விதையிலிருந்து வருபவை ஒரு வகை. சாரணை, பருப்புக்கீரை, முள்ளுக்கீரை மூன்றும் அங்கே இருந்தன. எருவைக் குவித்து வைத்திருந்த இடத்தில் முள்ளுக்கீரை பாய் விரித்ததுபோல் முளைத்திருந்தது. எருவோடு விதையும் வந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மாட்டின் வயிற்றைத் தாண்டியும் முளைப்புத்திறன் இழக்காத விதைகள் பல உண்டு. எருக்குவியல் உள்ளே 55 டிகிரி செல்சியசுக்குமேல் சூடேறி, பலமுறை புரட்டப்பட்டு, நன்றாக மட்கினால்தான் அவற்றில் பெரும்பாலானவை சாகும்.

நடைபாதை ஓரத்திலிருந்து ஓடி வரும் அருகம்புல் இரண்டாவது வகை. அது இன்னும் விளிம்பில்தான் இருந்தது.

மூன்றாவது கோரை. உண்மையான சிக்கல் அதுதான். வெங்காயப் பாத்தியில் ஒரு கோரையை மருமகள் பிடித்து இழுத்தார். கழுத்தில் அறுந்து இலை மட்டும் கையோடு வந்தது. தண்டை விரல்களுக்கு இடையே உருட்டிப் பார்க்கச் சொன்னேன். மூன்று விளிம்புகள் தட்டுப்பட்டன. புல்லின் தண்டு உருண்டையாகவும் கணுவோடும் இருக்கும், கோரையின் தண்டு முக்கோணமாக இருக்கும். பிறகு அந்த இடத்தில் கைக்கொத்தால் மண்ணை மெதுவாக விலக்கினோம். ஒரு விரற்கடை ஆழத்தில் கருந்தோல் போர்த்த சிறு கிழங்கு. அதிலிருந்து கம்பிபோல் விறைப்பான ஒரு இழை பக்கவாட்டில் ஓடியது. அதைத் தொடர்ந்து போனால் இன்னொரு கிழங்கு, அதற்கு அப்பால் மற்றொன்று. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை, கற்பூரம் கலந்தாற்போல் ஒரு வாசம். இலை அறுபட்ட கழுத்துக்கு அடியில் புதிய வெண்முளை அரைவிரல் நீளத்துக்கு வளர்ந்து நின்றது.

பக்கத்திலேயே டில்லரின் பல் பட்டு அறுந்த துண்டுகளும் கிடந்தன. ஒன்றிரண்டு கிழங்குகள் மட்டுமே கொண்ட துண்டுகள். அத்தனையும் முளைவிட்டிருந்தன. மாமனார் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “மாமா, நாம் கிழங்கை அழிக்கவில்லை, நாற்று விட்டிருக்கிறோம்” என்றார் மருமகள். அவர் மறுத்துப் பேசவில்லை.

ஏன் இப்படி ஆனது

1977இல் லெராய் ஹோம் குழுவினர் தொகுத்த உலகின் மோசமான களைகளின் வரிசையில் கோரைக்கே முதலிடம். அதற்குக் காரணம் அந்தக் கிழங்குச் சங்கிலி. சங்கிலி முழுதாக இருக்கும்வரை நுனிக் கிழங்கு முளைத்து, மற்றவற்றை உறக்கத்திலேயே வைத்திருக்கும். சங்கிலி அறுந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது, ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே விழித்துக்கொள்கிறது. ஈர மண்ணில் ஓட்டிய டில்லர் செய்தது இதைத்தான். இரண்டாவது உழவு, முதல் உழவில் தப்பிய சங்கிலிகளையும் அறுத்து நிலம் முழுவதும் பரப்பிவிட்டது.

அதே உழவு இன்னொன்றையும் செய்தது. ஆழத்தில் புதைந்து கிடந்த களை விதைகளை மேலே கொண்டுவந்தது. சிறு விதைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், மேல்மண்ணில் சில சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் முளைத்து வெளியே வரவும் முடியும். கீழே கிடந்தபோது உறங்கியவை மேலே வந்ததும் முளைத்தன. நிலம் முழுவதும் நனையும்படி பாய்ச்சிய தண்ணீர் மீதியைப் பார்த்துக்கொண்டது.

பிடுங்கியும் பலன் கிடைக்காததற்கும் காரணம் இருக்கிறது. கோரையின் இலையைப் பறித்தால் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்து மறுபடி இலை விடும். இது நமக்குச் சாதகமானது. ஆனால் முளை வெளியே வந்த மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் அந்தச் செடி புதிய கிழங்குகளை உண்டாக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒவ்வொரு முறையும் வெட்டினால் கிழங்கு நலிகிறது, பிந்தினால் கூடுகிறது. இவர்கள் தினமும் உழைத்தாலும் ஒரே இடத்துக்குத் திரும்பி வர எடுத்துக்கொண்ட நாள்கள் ஒரு ஒழுங்கில் இல்லை. சில மூலைகளில் ஒரு மாதமாகக் கை படவே இல்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு நிலத்தைச் சுருக்குவது. மொத்த இடத்தையும் ஒரே சமயத்தில் காக்க இரண்டு பேரின் கை போதாது. தக்காளியும் கத்தரியும் நின்ற மூன்றில் ஒரு பங்கை மட்டும் பயிர் நிலமாக வைத்துக்கொண்டு, மீதியை மூடிவைப்பது என்று தீர்மானித்தோம். தக்காளி போன்ற நாற்று நடும் பயிர்களுக்கு நட்ட முதல் நான்கு முதல் ஆறு வாரம் களையில்லாமல் இருந்தால் போதும், பிறகு அவை தாமே நிழல் விரித்துத் தாக்குப்பிடிக்கும். அந்தக் காலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்திருந்தாலும் செடிகள் தெம்பாக இருந்ததால் அவற்றைக் காப்பாற்ற முடியும் என்று தோன்றியது.

வெங்காயத்தைக் கைவிடுவது கடினமான முடிவாக இருந்தது. மெல்லிய, நிமிர்ந்த இலை நிலத்துக்கு நிழல் தராது. வேர் மேலோட்டமானது, பக்கத்தில் கோரையைப் பிடுங்கினால் வெங்காயமும் சேர்ந்து அசைகிறது. வளர்ச்சியும் மெதுவானது. கோரை உள்ள இடத்தில் நேரடியாக விதைத்த வெங்காயம் தேறாது. முளைத்து நிற்கும் பயிரை மூடுவதற்கு மாமனாரின் மனம் ஒப்பவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே அட்டைகளைத் தூக்கி வந்தார். “நீ சொன்னதுதான் சரி அம்மா, இதை விட்டால்தான் மற்றது பிழைக்கும்” என்று மருமகளிடம் சொன்னார்.

பயிர் நிலத்தில் செடிகளைச் சுற்றிக் கோரையை மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வெட்டிவிட்டு, நெளி அட்டையை இரண்டு அடுக்காக விரித்து, நனைத்து, மேலே ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் பரப்பினார்கள். மூடாமல் விட்ட இடங்களில் பத்து நாளுக்கு ஒரு சுற்று, மண்ணைப் புரட்டாமல் தட்டைக் களைக்கொத்தால் சுரண்டிவிடுவது. சுற்றின் தேதிகளைக் குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பை மருமகள் ஏற்றார். சங்கிலியைக் கிண்டி எடுக்கும் வேலை முற்றிலும் நிறுத்தப்பட்டது.

மீதி நிலத்தில் தட்டைப்பயறை நெருக்கமாக விதைத்தார்கள். நிழல் கோரைக்கு ஆகாது. நிழலில் இலை மெலியும், கிழங்கு உண்டாவது வெகுவாகக் குறையும். உழாமல், சுரண்டிய மேல்மண்ணில் கோடு கீறி விதை ஊன்றினார்கள்.

வேறு வழிகளும் பேசப்பட்டன. கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு பெரும்பாலான களைகளை அடக்கும், ஆனால் கோரையின் கூரிய முளை அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். தெளிவான பிளாஸ்டிக்கை ஈர மண்மேல் இழுத்துக்கட்டி வெயிலில் மண்ணைச் சூடாக்கும் முறையை 1976இல் இஸ்ரேலில் யாக்கோவ் கட்டான் குழுவினர் வெளியிட்டார்கள். விதையில் வரும் களைகளுக்கும் மண்ணில் உள்ள நோய்க்கிருமிகளுக்கும் அது நல்ல முறை. கோரைக்கிழங்கு கிடக்கும் ஆழத்துக்குப் போதிய சூடு இறங்குவதில்லை என்பதால் அதை நம்பி இருக்க முடியாது. களைக்கொல்லியைத் தோட்டத்தின் விதிகள் அனுமதிக்கவில்லை. அனுமதித்திருந்தாலும் நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன். இலை வழியே உள்ளே இறங்கும் கிளைபோசேட் போன்ற மருந்து, இலை விட்ட கிழங்கையும் அதோடு இணைந்தவற்றையும்தான் எட்டும். துண்டுபட்டு உறங்கும் கிழங்குக்கு அது போகாது. காற்றில் சிதறும் துளி பட்டால் தக்காளி கருகிவிடும், அடுத்தவர் பங்கும் சில அடி தூரத்தில்தான் இருந்தது.

நடந்தவை

முதல் மாதம் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பத்து நாளுக்கு ஒரு முறை சுரண்டினாலும் அதே இடத்தில் அதே அடர்த்தியில் முளை வந்தது. இந்தக் காலத்தில்தான் பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். முளையின் கனத்தைப் பார்க்கும்படி சொல்லியிருந்தேன். ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு இலைகள் மெலிந்து வெளிறியிருந்தன என்று குறிப்பேட்டில் இருக்கிறது. எண்ணிக்கை குறைந்தது அதற்குப் பிறகுதான்.

அட்டை நன்றாக வேலை செய்தது, ஆனால் இணைப்புகளில் தவறியது. இரண்டு அட்டைகள் சேரும் விளிம்பு நெடுகிலும், செடிக்காக வெட்டிய துளைகளிலும் கோரை வரிசைகட்டி வந்தது. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சாண் அகலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மறுபடி அடுக்கிய பின் அது அடங்கியது. துளைகளில் வந்ததைக் கையால் கிள்ளினார்கள்.

பருவத்தின் நடுவில் வீட்டில் ஒருவர் உடல்நலம் குன்றியதால் வடக்குப் பக்கத்து ஒரு பட்டைக்குச் சில வாரம் யாரும் போகவில்லை. திரும்பி வந்து அங்கே மண்ணை விலக்கிப் பார்த்தபோது, பழைய கறுப்புக் கிழங்குகளுக்கு இடையே வெளிர்நிறத்தில், தோல் முற்றாத புதுக் கிழங்குகள் இருந்தன. தேதி தவறாமல் சுரண்டிய பக்கத்துப் பட்டையில் தோண்டியபோது அப்படி ஒன்றும் தென்படவில்லை. கை விட்டுப் பார்த்த சில இடங்களில் கிழங்குகள் சுருங்கி, அழுத்தினால் உள்ளே பொக்கையாக இருந்தன. அதற்கு முன் சுற்றுத் தேதிகளைப் பெரிதாக மதிக்காத மாமனார், அதன் பிறகு தானே குறிப்பேட்டைக் கேட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

தட்டைப்பயறு ஆறு வாரத்தில் தரையை மூடியது. அதன் அடியில் கோரை இருந்தது, ஆனால் நூல்போல நீண்டு, சாய்ந்து கிடந்தது. சாரணையும் முள்ளுக்கீரையும் அங்கே ஏறக்குறைய இல்லை. பயறு காய்த்து முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் தரை மட்டத்தில் அறுத்து அப்படியே மூடாக்காகப் போட்டார்கள். விதைக் களைகளில் பருப்புக்கீரை மட்டும் கொஞ்சம் தொல்லை தந்தது. பிடுங்கி ஈர மண்மேல் போட்டால் மறுபடி வேர்விடும், பூத்த செடி கிடந்தபடியே விதையை முற்றவைக்கும். அதைக் கூடையில் எடுத்துப்போய் வெளியே உலர்த்தினார்கள்.

பிறகு கோடை வந்தது. மழை நின்று மண் நன்றாகக் காய்ந்த பிறகு, முதல் பருவத்தில் தவிர்த்த அதே வேலையை இப்போது செய்தோம். பயறு நின்ற நிலத்தில் மூடாக்கை ஓரமாக ஒதுக்கிவிட்டு மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்துப் புரட்டி, தண்ணீர் விடாமல் வெயிலில் விட்டார்கள். கோரைக்கிழங்கு வறட்சி தாங்காது. மேலே வந்து ஈரம் வற்றிவிட்டால் ஓரிரு வாரத்தில் செத்துப்போகும். ஈரத்தில் கிளறினால் பெருகுவது, உலர் வெயிலில் கிளறினால் அழிகிறது. ஒரே கருவி, ஒரே கை, காலம் மட்டும் வேறு. பத்து நாள் இடைவெளியில் கட்டிகளை மறுபடி திருப்பிப்போட்டார்கள். கைக்கு அகப்பட்ட கிழங்குகளைத் தகரத்தின்மேல் பரப்பி, உடைத்தால் மொறுமொறுவென்று நொறுங்கும்வரை காயவைத்தார்கள். மட்குக் குழியில் ஒன்றும் போடவில்லை. குழியின் ஓரங்கள் சூடேறுவதில்லை, அங்கே கிழங்கு பிழைத்துக்கொள்ளும்.

அருகம்புல்லுக்காக நிலத்தின் நான்கு பக்கமும் ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டினார்கள். அதைத் தாண்ட முயலும் ஓடுதண்டு வெளியே தெரிந்துவிடும், வெட்டிவிடலாம். பக்கத்துப் பங்குக்காரரும் தம் பக்கத்து நடைபாதையை அறுத்து வைக்க ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் பருவத்தில் வெங்காயத்துக்கு மட்டும் தனிக் கவனம் கொடுத்தோம். பாத்தியை முன்கூட்டியே கட்டி, தண்ணீர் விட்டு, களையை வேண்டுமென்றே முளைக்க வைத்தோம். இரண்டு இலைப் பருவத்தில் அவற்றை மேலோட்டமாகச் சுரண்டி எறிந்தோம். மறுபடி தண்ணீர், மறுபடி சுரண்டல். இரண்டு முறை செய்த பிறகு, மண்ணைக் கிளறாமல் வெங்காய நாற்றை நட்டார்கள். விதை தூவவில்லை. நாற்றாக நட்டால் பயிர் களையைவிட சில வாரம் முன்னே நிற்கிறது, வரிசை தெரிவதால் இடையில் கொத்தும் ஓட்டலாம். தண்ணீரைச் சொட்டுக் குழாயில் வேரடிக்கு மட்டும் விட்டார்கள். வரிசைகளுக்கு இடைப்பட்ட மண் காய்ந்தே கிடந்ததால் அங்கே புதிய முளை அதிகம் வரவில்லை.

விளைவு

முதல் பருவத்தில் தக்காளியும் கத்தரியும் சுமாராகக் காய்த்தன, வெண்டை பாதி தேறியது, வெங்காயம் இல்லை. இரண்டாம் பருவத்தில் நிலத்தின் முக்கால் பங்கு பயிருக்கு வந்தது. தினமும் ஒரு மணி நேரம் பிடித்த களை வேலை, வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரமாகச் சுருங்கியது. வெங்காயம் அறுவடை வரை நின்றது. காய்கள் பெரிதில்லை, ஆனால் பாத்தி முழுவதும் சீராக வந்தது.

கோரை ஒழியவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 சென்டிமீட்டருக்குள் கிடந்தாலும், அதற்குக் கீழேயும் உண்டு. கோடை வெயில் அந்த ஆழத்துக்கு எட்டாது. பயிர் நிலத்தில் அங்கங்கே ஒன்றிரண்டு தளிர் இன்னும் வருகிறது, தேதிப்படி வெட்டப்படுகிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே போன்ற நிலம் இனி யாரிடமாவது வந்தால், முதல் நாள் மண்வெட்டியால் நான்கைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, மண்ணை உதிர்த்துக் கிழங்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். இருந்தால் ஈரமான பருவத்தில் டில்லர் அந்த நிலத்துக்குள் வரக் கூடாது. முதல் பருவத்தைப் பயிருக்கு என்று எண்ணாமல், நிழல் தரும் மூடுபயிருக்கும் உலர் உழவுக்கும் கொடுத்துவிட்டு, இரண்டு பாத்தியில் மட்டும் அட்டை போட்டு நாற்று நடலாம். இவர்களுக்கு அந்த ஒரு பருவம் எப்படியும் போயிற்று.

எருவை வாங்கியதும் பரப்பாமல், தனியே குவித்து மட்கவைத்து, கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் நனைத்து வைத்துப் பார்ப்பது எளிது. இரண்டு வாரத்தில் அதில் என்ன முளைக்கிறது என்று தெரிந்துவிடும். வைக்கோலும் அதேபோல்தான். இவர்கள் வாங்கியதில் ஒரு கட்டு புல்விதையோடு வந்து, நன்றாக இருந்த ஒரு கத்தரிப் பாத்தியைக் கெடுத்தது. சொட்டு நீரை முதல் பருவத்திலேயே அமைத்திருந்தால் விதைக் களைகளில் பாதி முளைத்தே இருக்காது.

தண்ணீர்க் குழாய் இருக்கும் மூலை மட்டும் கைக்கு வரவில்லை. குழாய் ஒழுகுவதால் அங்கே மண் கோடையிலும் காயவில்லை, உலர் உழவு பலிக்கவில்லை, கோரை பழைய அடர்த்தியிலேயே நிற்கிறது. ஒழுக்கை அடைத்துவிட்டு, அந்த இடத்தை ஒரு ஆண்டு அட்டையாலும் மரத்தூளாலும் மூடிவைத்து, விளிம்பில் வருவதைப் பத்து நாளுக்கு ஒரு முறை வெட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. பயிர் வைக்கும் எண்ணம் அங்கே இப்போதைக்கு இல்லை. அந்த மூலைக்குக் குறிப்பேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, முதல் மூன்று சுற்றுகளின் தேதிகளை மருமகள் எழுதியிருக்கிறார்.